கொடையின் பயனை அளந்த வரலாறு

ஈகை தமிழர்க்குப் புதிய சொல் அன்று. வள்ளுவர் தம் நூலில் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரத்தையும் ‘ஈகை’ என மற்றோர் அதிகாரத்தையும் அடுத்தடுத்து அமைத்துள்ளார். இல்லாதவர்க்கு ஒருவர் நேரே கொடுப்பது ஈகை. ஊர் முழுவதும் பயன்பெறுமாறு பொதுநலம் பேணுவது ஒப்புரவு. முன்னதில் கொடுப்பவரும் பெறுபவரும் எதிரெதிரே நிற்கின்றனர். பசித்தவர் உண்டு முகம் மலர்வதைக் கொடுத்தவர் தம் கண்ணாலேயே காண்கிறார். பின்னதில் அவ்வாய்ப்பு அரிது. கொடுப்பவர் ஒரு நாட்டில் இருப்பார். பெறுபவர் பல நூறு கல் தொலைவில் இருப்பார். இடையே அலுவலர், மருத்துவர், கணக்கர் எனப் பலர் நிற்பர். கொடை உரியவரைச் சென்று சேர்ந்ததா, சேர்ந்தபின் அவர்தம் வாழ்வு உயர்ந்ததா என்பதை அறியக் கணக்கு ஒன்றே கருவியாகிறது.

அக்கணக்கில் எதை எண்ணுவது என்னும் வினா எளிதன்று. கொடுத்ததை எண்ணுதல் எளிது. அதனால் விளைந்ததை எண்ணுதல் அரிது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை உலகம் எவ்வாறு சிறிது சிறிதாகக் கடந்தது என்பதைக் கொக்கிப்புழு ஒழிப்பியக்கத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொடங்கிய அவ்வியக்கம், மலாயாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரையும் தொட்டுச் சென்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சோம்பல் எனப்பட்ட நோய்

கொக்கிப்புழு மனிதக் குடலைப் பற்றிக்கொண்டு குருதியை உண்டு வாழ்வது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உடையது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிகின்றன. அங்கு வளரும் இளம்புழுக்கள், வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகின்றன. இவ்வழியை எகிப்தில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ் 1898இல் கண்டறிந்தார். புழுக்கள் மிகுந்தவரின் உடல் வெளிறும், மூச்சு வாங்கும், குழந்தைகளின் வளர்ச்சி குன்றும், படிப்பில் கருத்து நில்லாது. நோய் என்று அறியப்படாததால் அது பெரும்பாலும் சோம்பல் என்றே தூற்றப்பட்டது.

அமெரிக்கத் தென்பகுதியில் இப்புழு பரவலாக உள்ளதென்பதை 1902இல் சார்ல்ஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். நாளேடுகள் அதனைச் ‘சோம்பல் கிருமி’ என்று எழுதி நகைத்தன. எனினும் அவருடைய விடாமுயற்சி வீண்போகவில்லை. 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜான் ராக்பெல்லர் பத்து இலட்சம் டாலர் கொடை வழங்கினார். கொக்கிப்புழு நோயை அறவே ஒழிப்பதற்கான சுகாதார ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் நிருவாகச் செயலாளராக அமர்ந்த விக்கிலிஃப் ரோஸ் மருத்துவர் அல்லர்; மெய்யியலும் கல்வியியலும் கற்பித்த பேராசிரியர். அளந்தறியாமல் எதனையும் தொடங்கலாகாது என்னும் எண்ணம் அவர் வகுத்த திட்டத்தில் ஊடுருவி நின்றது.

ஏட்டில் ஏறிய எண்கள்

ரோஸ் மூன்று கடமைகளை வகுத்தார். நோய் எங்கெங்கு, எவ்வளவு பரவியுள்ளது எனக் காண்பது முதற்கடமை. நோயாளிகளுக்கு மருந்தளிப்பது இரண்டாவது. மண் மாசுபடுவதைத் தடுத்து நோயின் வேரை அறுப்பது மூன்றாவது. பதினொரு மாநிலங்களில் பள்ளிச் சிறாரிடையே ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழ 40 விழுக்காட்டுச் சிறாரின் உடலில் புழு இருந்தது. பணிக்கு முன்னரே நிலைமையை எண்ணால் குறித்து வைத்த இச்செயலின் பெருமை நூறாண்டு கழித்தே முழுமையாக விளங்கிற்று.

அடுத்து, வட்டாரந்தோறும் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மக்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். நுண்ணோக்கி வழியே புழுவின் முட்டையைக் கண்டு வியந்தனர். பாட்டும் சொற்பொழிவும் உணவுமாக மருந்தக நாள் ஊர்த் திருநாள் போலவே நடந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து தைமால். தமிழர் அடுக்களையில் உள்ள ஓமத்திலிருந்தும் எடுக்கப்படும் அப்பொருளை நம் மருத்துவர் ஓம உப்பு என்பர். அதனை விழுங்கிய பின் பேதி உப்பும் உட்கொள்ளவேண்டும். ஒருமுறை உண்டால் போதாது. பல வேளைகள் தொடர்ந்து உண்டாலன்றிக் குடல் தூய்மையடையாது.

மருந்துண்டோர் தொகை இலட்சக்கணக்கில் பெருகியது. ஆண்டறிக்கைகளில் மாநிலவாரியாக அவ்வெண்கள் வரிசை வரிசையாக அச்சேறின. கொடை உண்மையாகவே மக்களைச் சென்றடைந்தது என்பதற்கு அவை சான்று, அதில் ஐயமில்லை. ஆனால் மருந்துண்டவர் அனைவரும் குணமடைந்தனரா? குணமடைந்தவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தபோது மீண்டும் நோயுறாமல் இருந்தனரா? மூன்றாவது கடமையாகிய கழிப்பிட அமைப்பு, முதலிரண்டைப் போல விரைந்து நடக்கவில்லை. மருந்து கொடுப்பதற்கு ஒரு நாள் போதும். கழிப்பிடம் கட்டவும், கட்டியதைப் பயன்படுத்தப் பழகவும் ஆண்டுகள் வேண்டும். எளிதில் எண்ணக்கூடியது முந்திக்கொண்டது. அறவே ஒழிப்பதாகப் பெயர் பூண்ட ஆணையம் 1914ஆம் ஆண்டின் இறுதியில் தன் பணியை முடித்தபோது, நோய் பெரிதும் தணிந்திருந்தது, ஒழியவில்லை.

கிள்ளான் கற்பித்த பாடம்

ஏட்டுக் கணக்கின் இக்குறையை நீக்கும் முறைக்கு, அவ்வாணையம் தோன்றுவதற்கு முன்னரே மலாயாவில் ஒரு முன்மாதிரி இருந்தது. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மல்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலால் ஊரே நலிந்திருக்கக் கண்டார். அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், நோயின் கொடுமையால் மூடப்படும் நிலையை எய்தியது. சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டியும் ஊரைச் சூழ்ந்த புதர்க்காட்டை அழித்தும் கொசு வளரும் இடங்களை வாட்சன் அகற்றினார். இது தனியார் கொடையால் அன்று, அரசாங்கப் பணத்தால் நடந்த பணி. எனினும் பொதுப்பணத்தின் பயனை அளந்த முறைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

வெட்டிய வாய்க்கால்களின் நீளத்தோடு அவர் தம் கணக்கை முடிக்கவில்லை. இறந்தோர் தொகையைக் குறித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901இல் 582 பேர் இறந்தனர். 1902இல் 144 பேர். 1903இல் 115 பேர். இவ்வீழ்ச்சி வேறு காரணத்தால் நிகழ்ந்திருக்கலாகாதா என வினவுவோர்க்கும் அவரிடம் விடை இருந்தது. வடிகால் வெட்டப்படாத, மாவட்டத்தின் ஏனைய பகுதிகளில் 1901இல் 416 பேரும் 1903இல் 428 பேரும் இறந்திருந்தனர். அங்கே இறப்புக் குறையவில்லை. பணி நடந்த இடத்தையும் நடவாத இடத்தையும் அருகருகே வைத்து நோக்கும் இம்முறையே, இந்நாள் ஆய்வாளர் போற்றும் ஒப்பீட்டு முறையின் கரு எனலாம். அரசு ஊழியர் நோய்விடுப்பில் கழித்த நாள்களையும் அவர் குறித்தார். 1901இல் 1026 நாள்களாக இருந்த விடுப்பு, 1905இல் 30 நாள்களாகக் குறைந்தது.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. விடுப்பு நாள் என்பது வேலை வாங்குவோர் நோக்கில் எழுந்த அளவுகோல். இறப்பு எண்ணிக்கையோ அனைவருக்கும் பொதுவானது. அளப்பவர் யார் என்பது அளவுகோலைத் தீர்மானிக்கிறது என்னும் உண்மை இங்கேயே தலைகாட்டுகிறது.

மலாயாவுக்கு வந்த ஆய்வுக் குழு

1913இல் ராக்பெல்லர் அறநிறுவனம் பன்னாட்டுச் சுகாதார ஆணையத்தை அமைத்துத் தன் பார்வையை வெப்பமண்டல நாடுகளின்பால் செலுத்தியது. அதன் சார்பில் சாமுவேல் டார்லிங் என்னும் மருத்துவ அறிஞரின் தலைமையில் ஒரு குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் ஆய்வு நடத்தியது. டார்லிங் பனாமாக் கால்வாய்ப் பகுதியில் பணியாற்றிப் பட்டறிவு பெற்றவர். அவர் குழுவின் அறிக்கை 1920இல் வெளிவந்தது.

அதுவரை எழுப்பப்பட்ட வினா, ஒருவரிடம் புழு உண்டா, இல்லையா என்பதே. டார்லிங் குழுவினர், எத்தனை புழுக்கள் உள்ளன என்று வினவினர். மருந்துண்டவரின் மலத்தை நாள்தோறும் கழுவி வடித்து, வெளிவந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினர். அருவருக்கத்தக்க அவ்வேலையில் ஓர் அரிய தெளிவு பிறந்தது. பத்துப் புழு உடையவரும் பல நூறு புழு உடையவரும் பழைய கணக்கில் ஒருவரே. உண்மையிலோ முன்னவர் நலமாக நடமாடுவார். பின்னவர் படுக்கையில் கிடப்பார். நோய்த்தொற்று வேறு, நோய்த்துன்பம் வேறு என்பது இதனால் விளங்கியது.

குருதியின் வளத்தையும் அவர்கள் அளந்தனர். ஆனால் தோட்டத் தொழிலாளரின் குருதியை வற்றச் செய்வது கொக்கிப்புழு மட்டுமன்று; மலேரியாவும் அதைச் செய்தது. ஆதலின் ஒன்றன் தீமையை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடும் பிழைக்கு இடமிருந்தது. ஒரு குடும்பத்தின் நலிவுக்குப் பல காரணங்கள் ஒருங்கே நிற்கும்போது, ஒரு திட்டத்தின் பயனைத் தனியே பிரித்தெடுப்பது எத்துணை அரிது என்பதை மலாயாத் தோட்டங்கள் உணர்த்தின. பின்னர் 1923இல் நார்மன் ஸ்டால் என்பார், சிறிதளவு மலத்தில் உள்ள முட்டைகளை எண்ணியே புழுச் சுமையைக் கணிக்கும் முறையை வகுத்தார். அதன் பயனாகக் கூட்டத்தில் மிகத் துன்புறுவோர் யார் என அறிவது எளிதாயிற்று.

இலங்கைத் தோட்டங்களில்

1916இல் இலங்கைத் தோட்டங்களில் இவ்வியக்கம் தொடங்கியது. அங்குத் தேயிலை கொய்தோருள் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர். லயன் அறைகளில் நெருக்கமாக வாழ்ந்த அம்மக்களிடையே, பத்துப் பேரில் ஒன்பதின்மருக்கு மேல் புழு இருந்ததை ஆய்வுகள் காட்டின. மருந்து கொடுக்கப்பட்டது. புழு வெளியேறியது. சில திங்கள்களில் மீண்டும் புகுந்தது. காரணம் தெளிவு, போதிய கழிப்பிடங்கள் இல்லை. கழிப்பிடம் கட்டும் செலவைத் தோட்டத்துரைமார் ஏற்கத் தயங்கினர். நலமுள்ள தொழிலாளி மிகுதியாக உழைப்பார் என்று கூறியே அவர்களை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது.

இங்கே அளவுகோலின் அறம் பற்றிய வினா எழுகிறது. மருந்துண்டோர் தொகை என்னும் ஏட்டைப் பார்த்தால் இயக்கம் பெருவெற்றி. கொழுந்தின் எடை என்னும் ஏட்டைப் பார்த்தால் துரைக்கு ஆதாயம். ஆனால் மூன்றாம் முறை நோயுற்றுப் பேதி உப்பைக் குடித்துச் சோர்ந்த தாயின் ஏடு எங்கே? அவள் ஒரே ஆளாக இருந்தும் மும்முறை மருந்துண்டமையால், வேளைகளை மட்டும் எண்ணும் ஏட்டில் மூன்றாகப் பெருகுவாள். துன்பம் திரும்பத் திரும்ப வருவதே வெற்றியின் எண்ணைக் கூட்டிவிடும் விந்தை, கொடுப்பதை மட்டும் எண்ணும் கணக்கில் மறைந்துள்ளது. அவ்விந்தையை உணர்ந்தமையே இலங்கைப் பட்டறிவின் பயன்.

அதன் விளைவாகவே 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றியது. அரசாங்கமும் ராக்பெல்லர் அறநிறுவனமும் இணைந்து அதனை நிறுவின. ஒரு புழுவைத் துரத்துவதை விடுத்து, ஒரு வட்டாரத்து மக்களின் முழு நலனையும் பேணுவது அதன் நோக்கம். கருவுற்ற தாயைக் காண்பதும், குழந்தையை எடையிடுவதும், பள்ளி மாணவரை ஆய்வதும், கழிப்பிடம் அமைப்பதும், தடுப்பூசி போடுவதும் ஒரே பிரிவின் கடமைகளாயின. கணக்கும் மாறியது. பிறந்த குழந்தைகளுள் எத்தனை ஓராண்டைத் தாண்டின, மகப்பேற்றில் எத்தனை தாய்மார் இறந்தனர் என்பவை ஏட்டில் முதலிடம் பெற்றன. இம்முறை இலங்கை முழுவதும் பரவியது. பிற்காலத்தில் குறைந்த செலவில் நிறைந்த நலம் கண்ட நாடென அத்தீவு போற்றப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நூறாண்டுக்குப் பின் ஒரு விடை

அமெரிக்காவில் ரோஸ் பதிந்து வைத்த பள்ளிச் சிறாரின் எண்கள், நெடுங்காலம் கழித்துப் பேசின. ஹாய்ட் பிளீக்லி என்னும் பொருளியல் அறிஞர் அவற்றை மக்கள்தொகைக் கணக்கோடு இணைத்து ஆராய்ந்து, 2007இல் தம் முடிவை வெளியிட்டார். தொடக்கத்தில் புழு மிகுந்திருந்த வட்டாரங்களில், இயக்கத்திற்குப் பின் பள்ளியில் சேர்ந்தோரும், ஒழுங்காக வந்தோரும், எழுத்தறிவு பெற்றோரும் ஏனைய வட்டாரங்களைவிட மிகுதியாகப் பெருகினர் என்றும், அச்சிறார் வளர்ந்து பெற்ற வருமானமும் உயர்ந்தது என்றும் அவர் காட்டினார். இம்முடிவின் சில பகுதிகளை மறுத்து எழுதியோரும் உளர். எனினும் கொடையின் பயன் மருந்தகத்தில் மட்டுமன்று, வகுப்பறையிலும் தேடப்படவேண்டும் என்பது நிலைபெற்றது.

கென்யாவின் புசியா வட்டாரத்தில் 1998இல் 75 பள்ளிகளில் தொடங்கிய திட்டமும் இங்குக் கருதத்தக்கது. தொண்டு நிறுவனம் ஒன்று மாணவர்க்குப் புழு நீக்க மருந்தைப் பள்ளிகளில் படிப்படியாக வழங்கியது. மருந்து பெற்ற பள்ளிகளையும் இன்னும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்ட எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரேமர் ஆகிய அறிஞர் இருவரும், மாணவர் பள்ளிக்கு வாராமை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது என்று 2004இல் எழுதினர். ஆனால் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. 2021இல் வெளியான தொடராய்வு, கூடுதல் ஆண்டுகள் மருந்து பெற்றோர் இருபதாண்டுக்குப் பின் ஏனையோரைவிட 14 விழுக்காடு மிகுதியாகச் செலவிட்டு வாழ்ந்தனர் என்று கண்டது. இவ்வாய்வு பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டிருந்தால் அத்திட்டம் தொடக்கத்திலேயே தோல்வி என ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதை ஆசிரியர் உலகம் சிந்திக்க வேண்டும்.

மதிப்பெண்ணையும் மானியத்தையும் இறுகப் பிணைத்தால் நேர்வதையும் வரலாறு காட்டியுள்ளது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பார் கொணர்ந்த விதியின்படி, பள்ளியின் மானியம் மாணவர் வருகையையும், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் அவர் பெறும் தேர்ச்சியையும் பொறுத்தே அளிக்கப்பட்டது. ஆசிரியர்கள் தேர்வுக்குரியதை மட்டும் திரும்பத் திரும்ப உருப்போடச் செய்தனர். வரலாறும் நிலநூலும் பின்தள்ளப்பட்டன. அம்முறை நூற்றாண்டின் இறுதிக்குள் கைவிடப்பட்டது. அளவுகோலே இலக்காகிவிடின், அளக்க வந்த பொருள் கைநழுவும்.

வாழ்ந்தவரை வினவுதல்

இத்தனை கணக்குகளிலும் ஒரு குரல் மட்டும் நெடுங்காலம் கேட்கப்படவில்லை. அஃது அவ்வாழ்வை வாழ்ந்தவரின் குரல். 1948இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம், நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் செம்மையுற்ற நிலை என்று வரையறுத்தது. உள்ளத்தின் நிலையை நுண்ணோக்கியால் காண இயலாது. உரியவரையே கேட்க வேண்டும். 1990களில் அந்நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. அதில் 100 வினாக்கள் உள்ளன. சுருக்கப் பதிப்பில் 26. உறக்கம், வலி, உறவு, வீடு, வருவாய், பாதுகாப்பு ஆகியவை பற்றித் தமக்குள்ள நிறைவை மக்களே கூறுமாறு அது அமைந்தது. ஒரு நாட்டில் எழுதிப் பிற மொழிகளில் பெயர்ப்பதை விடுத்து, உலகின் பல ஊர்களில் ஒரே காலத்தில் மக்களைக் கேட்டு அதனை வகுத்தனர். அவ்வாறு தேர்ந்த 15 மையங்களுள் சென்னையும் ஒன்று. புழுக்களின் எண்ணிக்கையாகவும் வேலை நாள்களின் எண்ணிக்கையாகவும் முன்னர் ஏட்டில் இருந்த மக்களின் மொழி, இதன்வழி அளவுகோலின் அமைப்பிலேயே இடம்பெற்றது.

இதுவும் குறையற்ற கருவி அன்று. துன்பத்திலேயே பழகியவர் சிறிதில் நிறைவு காண்பர். உதவியவர் மனம் நோகலாகாது என்று நன்றியுடையோர் உண்மையை மறைப்பர். ஆதலின் மக்களின் வாய்மொழியும் வேண்டும்; இறப்பும் நோயும் கல்வியும் காட்டும் எண்களும் வேண்டும். ஒன்று மற்றொன்றைத் திருத்தும்.

முடிவாக

கொக்கிப்புழு இயக்கத்தின் ஏடுகளை வரிசையாக நோக்கினால், கணக்கின் இடம் படிப்படியாக மாறியது புலனாகும். கொடுத்த மருந்து, உடலில் உள்ள புழு, குருதியின் வளம், குழந்தையின் உயிர், பள்ளி வருகை, வளர்ந்தபின் வாழ்வு, வாழ்வோரின் சொல் என அது கொடுப்பவரின் கையிலிருந்து பெறுபவரின் இல்லத்தை நோக்கி நடந்துள்ளது. அவ்வழியைக் கடக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இன்று பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் மானியங்கள் வருகின்றன. நடத்திய பட்டறைகளின் தொகையும், வந்தோரின் கையொப்பமும், வழங்கிய பைகளின் எண்ணிக்கையும் அறிக்கைகளில் எழுதப்படுகின்றன. அவை வேண்டியவையே, பொதுப்பணத்திற்குக் கணக்குக் காட்டுதல் கடமை. ஆனால் அவ்வறிக்கை 1914ஆம் ஆண்டின் ஏட்டோடு நின்றுவிடலாகாது. பணி தொடங்குமுன் நிலைமையைக் குறித்து வைத்தல், பணி நடவாத இடத்தோடு ஒப்பிடுதல், முடிந்தபின் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்று காணுதல், பயன்பெற்றோரை அவர்தம் மொழியிலேயே வினவுதல் ஆகிய நான்கும் பெருஞ்செல்வம் வேண்டாத செயல்கள். பொறுமை மட்டுமே வேண்டுபவை. கழிப்பிடம் இல்லாத லயனில் மருந்து மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியவரின் கணக்கு ஏட்டில் நிறைந்திருந்தது, மண்ணில் நிறையவில்லை. கொடையின் கணக்கு மண்ணில் நிறைதல் வேண்டும்.